ஒரு வரி அழைப்பு

1954 ஏப்ரலில் ஜெனீவாவுக்கு வந்திறங்கிய சீனத் தூதுக்குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கொரியாவுக்கும் இந்தோசீனாவுக்கும் அமைதி தேடிக் கூடிய மாநாடு அது. மக்கள் சீனக் குடியரசு பிறந்து ஐந்து வருடம்கூட நிறையவில்லை. ஐ.நா. சபையில் அதற்கு நாற்காலி கிடையாது. அமெரிக்கா அதை அங்கீகரிக்கவே இல்லை. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பிரதமரும் வெளியுறவு அமைச்சருமான சூ என்லாய். மாநாட்டுக் கோப்புகளோடு சில சினிமாச் சுருள்களும் அந்தக் குழுவோடு வந்தன.

மாநாட்டுச் செய்தி சேகரிக்க உலகெங்கிலும் இருந்து நிருபர்கள் வந்து குவிந்திருந்தார்கள். அவர்களுக்குச் சீனக் குழு முதலில் போட்டுக் காட்டியது 1952 தேசிய நாள் அணிவகுப்பு பற்றிய ஆவணப்படம். படைவரிசைகளைப் பார்த்த சிலர், இந்த நாட்டுக்கு ராணுவ மோகம் அதிகம் என்று முணுமுணுத்தார்கள். அப்படியானால் அவர்களுக்கு ஒரு காதல் படத்தைக் காட்டுங்கள் என்றார் சூ. கைவசம் இருந்த படம் 'லியாங் ஷான்போவும் ஜூ யிங்தாயும்'. புதிய சீனம் எடுத்த முதல் வண்ணக் கதைப்படம்.

அடுத்து நடந்ததைக் குழுவின் செய்திப் பணியில் இருந்த சியோங் சியாங்ஹுயி தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வெளிநாட்டவருக்கு இந்த இசைநாடகம் புரியாதே என்று பயந்து, கதையையும் பாடல்களையும் விளக்கிப் பக்கம் பக்கமாக ஒரு கையேடு தயாரித்தார்கள். சூவுக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல். இதை யார் படிப்பார்கள் என்று கேட்டுவிட்டு, அழைப்பிதழில் ஒரே ஒரு வரி போதும் என்றார்: இது சீனத்தின் ரோமியோ ஜூலியட், வண்ண இசைநாடகப் படம், வந்து பாருங்கள். படம் தொடங்கும் முன் சில நிமிடம் ஆங்கிலத்தில் கதைச்சுருக்கம் சொன்னால் வேலை முடிந்தது. பலிக்காவிட்டால் ஒரு புட்டி மாவ்தாய் மது தருகிறேன் என்று பந்தயமும் கட்டினாராம். ஓட்டல் அரங்கு நிரம்பியது. படம் முடிந்ததும் கைதட்டலும் கிடைத்தது. மாவ்தாய் புட்டி சூவிடமே தங்கியிருக்கும்.

சீனக் காதல் படம் ஒன்றை வேற்று நாட்டார் கூடிய அரங்கில் திரையிடுவதற்கு அந்தக் காலத்தில் இருந்த பொருள் இதுதான். படம் ஒரு நாட்டின் அறிமுகச் சீட்டு. அந்தச் சீட்டை நீட்டியது அரசின் கை. எழுபது ஆண்டுகள் கழித்து அதே மாதிரித் திரையிடல்கள் எத்தனையோ நகரங்களில் நடக்கின்றன. அவற்றின் வேலை மட்டும் தலைகீழாக மாறிவிட்டது.

பட்டாம்பூச்சிக் காதலர்

அன்று அந்தப் படம் கைவசம் இருந்தது தற்செயல் அல்ல. அது கிழக்கு ஜின் வம்ச காலத்தில், அதாவது நான்காம் நூற்றாண்டு வாக்கில், நடப்பதாகச் சொல்லப்படும் நாட்டார் கதை. படிக்க ஆசைப்பட்ட ஜூ யிங்தாய் ஆண் வேடம் போட்டுக்கொண்டு ஹாங்ஜோ நகரத்துப் பள்ளிக்குப் போகிறாள். கூடப் படிக்கும் லியாங் ஷான்போவோடு மூன்று வருடம் ஒரே அறையில் பழகுகிறாள். அவனுக்கு விஷயம் தெரியாது. ஊர் திரும்பும் வழியெல்லாம் குறிப்பால் சொல்லிப் பார்க்கிறாள். அந்த வெகுளிக்குப் புரியவில்லை. புரிந்து ஓடிவரும்போது அப்பா அவளை மா குடும்பத்துப் பையனுக்கு நிச்சயம் பண்ணிவிட்டார். லியாங் ஏங்கிச் சாகிறான். கல்யாண ஊர்வலம் அவன் கல்லறையைத் தாண்டும்போது அவள் இறங்கி அழுகிறாள். கல்லறை பிளக்கிறது. உள்ளே குதிக்கிறாள். இரண்டு பட்டாம்பூச்சிகள் வெளியே பறக்கின்றன.

1950 மே மாதம் சீனத்தில் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பெற்றோர் கட்டாயப்படுத்தி நடத்தும் திருமணத்துக்குத் தடை. மணமக்களின் விருப்பமே திருமணத்துக்கு அடிப்படை. ஊர் ஊராகப் பிரச்சாரம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், பெற்றவர் பார்த்த மாப்பிள்ளையால் ஒரு காதல் கல்லறைக்குப் போகிற கதையைவிட வசதியான கதை அரசுக்கு எங்கே கிடைக்கும்? நிலவுடைமைக் காலத்துப் பழைய வழக்கத்தைச் சாடுகிறது, பாட்டும் பட்டு உடையுமாகக் கண்ணுக்கும் இனிக்கிறது. காதல் அனுமதி பெற்றது இந்த இரட்டைத் தகுதியால்.

ஷாங்காய் ஸ்டுடியோவுக்காக இயக்கியவர்கள் சாங் ஹுவும் ஹுவாங் ஷாவும். வடிவம் யுவே இசைநாடகம்: செஜியாங் மாநிலத்தின் ஷேங்சியான் வட்டாரக் கிராமங்களில் பிறந்து, ஷாங்காயில் பெண்கள் மட்டுமே நடிக்கும் கலையாக வளர்ந்தது. யிங்தாயாக யுவான் ஷுவேஃபென், ஷான்போவாக ஃபான் ருயிஜுவான், இருவரும் பெண்கள். ஆண் வேடமிட்ட பெண்ணாக ஒரு பெண், அவளுடைய காதலனாக இன்னொரு பெண். 1935 இல் கே.பி. சுந்தராம்பாளை நந்தனாராகப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது. ஜெனீவாவில் நிருபர்கள் முதலில் சற்றுத் திகைத்திருக்கலாம். ஆனால் வழியனுப்பும் காட்சியில் அவள் சொல்ல வருவது அவனைத் தவிர அரங்கில் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. அந்தக் காட்சிக்குக் கையேடு எதற்கு?

அதே 1954 இல் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் படம் இசைக்கான பரிசு பெற்றது. மறு ஆண்டு எடின்பரோ விழாவிலும் பாராட்டு. 1959 இல் இந்தக் கதையை வைத்து ஹே ஜான்ஹாவும் சென் காங்கும் வயலின் கான்செர்டோ ஒன்றை இயற்றினார்கள்; இன்று உலகின் பல கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் சீன இசை அது.

பெட்டியில் வைக்காத படம்

அரசு எதை எடுத்துப் போனது என்பதோடு எதை விட்டுப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். சாங் ஹுவுக்கு 1949க்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்தது. ஷாங்காயின் வென்ஹுவா நிறுவனத்தில் எழுத்தாளர் எய்லீன் சாங்கின் கதை வசனத்தில் இரண்டு படங்கள் இயக்கியவர் அவர். அதே நிறுவனம் 1948 இல் ஃபெய் மூவின் 'சிற்றூரில் வசந்தம்' படத்தை எடுத்தது. போர் தின்று மிச்சம் வைத்த ஊர். இடிந்த மதில். நோயாளிக் கணவன், அவனுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்துச் சலித்த மனைவி யூவென். ஒரு நாள் கணவனைப் பார்க்க வரும் பழைய நண்பன், ஒரு மருத்துவன், அவளுடைய முன்னாள் காதலனாகவும் இருக்கிறான். அவ்வளவுதான் கதை. ஐந்தே பாத்திரங்கள்.

இந்தப் படத்தில் வில்லன் இல்லை. சாடுவதற்குப் பண்ணையார் இல்லை. மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரும் தவிக்கிறார்கள். நாடு உள்நாட்டுப் போரில் எரியும்போது இப்படி ஒரு சோகமா என்று இடதுசாரி விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். புதிய ஆட்சியில் அதற்கு வேலையே இல்லை. ஃபெய் மூ 1951 இல் ஹாங்காங்கில் 44 வயதில் இறந்துபோனார்.

படச்சுருள் மட்டும் பெய்ஜிங் ஆவணக் காப்பகத்தில் பிழைத்துக் கிடந்தது. 1980களில் மறுபடி திரையிடப்பட்டபோது பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். 2002 இல் தியான் ஜுவாங்ஜுவாங் அதை மறுபடி எடுத்து வெனிஸ் விழாவுக்குக் கொண்டுபோனார். 2005 இல் ஹாங்காங் திரைப்பட விருதுக் குழு நூறு சிறந்த சீனப் படங்களைப் பட்டியலிட்டபோது முதலிடம் இதற்கே. யூவெனாக நடித்த வேய் வேய் அதைக் காண உயிரோடு இருந்தார். 2023 இல்தான் மறைந்தார். எந்த அரசும் தூக்கிச் சுமக்காத படத்தைக் காப்பகமும் திரையிடலும் சேர்ந்து மீட்டுக்கொடுத்தன. பிற்காலத்தில் விழாக்கள் எந்த வேலைக்கு வரப்போகின்றன என்பதற்கு இது முன்னோட்டம்.

கன்னத்தில் ஒரு முத்தம்

பண்பாட்டுப் புரட்சியின் பத்து ஆண்டுகளில் காதல் என்ற பேச்சே திரையிலிருந்து துடைத்தெறியப்பட்டது. மிஞ்சியவை புரட்சிகர மாதிரி நாடகங்கள். ஜெனீவாவில் நாட்டின் முகமாக நின்ற பட்டாம்பூச்சிக் கதையே பழைமைவாத நச்சு என்று வசை வாங்கியது. யுவான் ஷுவேஃபென் துன்புறுத்தலுக்கு ஆளானார்.

பனி விலகியதைச் சொன்ன படம் 1980 இல் வந்த 'லூஷான் காதல்'. கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமிந்தாங் கட்சித் தளபதி ஒருவரின் மகள், அமெரிக்காவில் வளர்ந்தவள், லூஷான் மலைக்கு வருகிறாள். ஒரு கம்யூனிஸ்ட் வீட்டுப் பையனைச் சந்திக்கிறாள். அவள் அவன் கன்னத்தில் சட்டென்று ஒரு முத்தம் கொடுக்கிறாள். நொடிப்பொழுதில் முடிந்துபோகும் அந்த முத்தம் ஒரு தலைமுறையையே சிவக்க வைத்தது. நாயகி ஜாங் யூ காட்சிக்குக் காட்சி மாற்றிய உடைகளைப் பார்த்துத் தையல்காரர்களிடம் ஓடிய பெண்களும் உண்டு. லூஷான் மலையில் உள்ள ஒரு திரையரங்கு 1980 முதல் அந்தப் படத்தை நாள்தோறும் ஓட்டி, ஒரே அரங்கில் மிக நீண்ட காலம் ஓடிய படம் என்று கின்னஸ் பதிவும் பெற்றது. இது அயலார் பார்க்க எடுத்த படம் இல்லை. பத்து வருடம் பட்டினி கிடந்த சொந்த மக்களுக்குப் போட்ட சோறு.

விழா கேட்ட கேள்வி

1990களின் முடிவில் நிலைமை இன்னொரு திருப்பம் கண்டது. மேற்கத்திய விழாக்களில் சீனப் படம் என்றாலே ஒரு கேள்வி காத்திருந்தது: இது அரசுக்கு ஆதரவா, எதிர்ப்பா? 1999 இல் ஜாங் யீமோ தன் இரண்டு படங்களையும் கான் விழாவிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். சீனப் படங்களை அரசியல் கண்ணாடியால் மட்டுமே பார்க்கிறீர்கள் என்பது அவர் எழுதிய கடிதத்தின் சாரம். அவற்றில் ஒன்று 'வீட்டுக்கு ஒரு வழி'. கிராமத்துப் பெண் ஒருத்தி புதிதாக வந்த பள்ளி ஆசிரியருக்காகப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாள், காத்திருக்கிறாள், அதுதான் படம். நிகழ்காலத்தைக் கறுப்பு வெள்ளையிலும் இறந்தகாலத்தை வண்ணத்திலும் எடுத்திருந்தார் ஜாங். 2000 பெர்லின் விழாவில் அது வெள்ளிக் கரடி வாங்கியது.

அதே 2000 இல் லோ யேவின் 'சுஜோ நதி' ரோட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. ஷாங்காயின் கலங்கிய ஆற்றோரம், காணாமல் போன ஒருத்தி, அவள் சாயலில் இன்னொருத்தி. அனுமதி பெறாமல் விழாவுக்கு அனுப்பியதற்காக இயக்குநருக்கு இரண்டு ஆண்டுத் தடை. 2006 இல் அவரே 'கோடை அரண்மனை' என்ற படத்தோடு கான் போனார். 1989 மாணவர் எழுச்சியின் நடுவே இரண்டு மாணவர்களின் காதல். மீண்டும் அனுமதி இல்லாத பயணம். இம்முறை ஐந்து ஆண்டுத் தடை. 2000 என்ற ஒரே ஆண்டில் ஒரு காதல் படம் அரசின் ஒப்புதலோடும் இன்னொன்று அரசுக்குத் தெரியாமலும் ஐரோப்பாவை அடைந்தன. விழா இப்போது அரசின் அரங்கமாகவும் இருந்தது, அரசிடமிருந்து தப்பி வந்தவர்களின் திண்ணையாகவும் இருந்தது.

இந்தத் திண்ணைக்கு வரும் வழி 2017 மார்ச்சில் குறுகியது. அன்று நடைமுறைக்கு வந்த திரைப்படத் தொழில் ஊக்குவிப்புச் சட்டம், பொதுத் திரையிடல் உரிமம் பெறாத படங்கள் விழாக்களுக்குப் போகக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. உரிமம் பெற்ற படத்தின் தொடக்கத்தில் பச்சைப் பின்னணியில் பொன்னிற டிராகன் தலை ஒன்று வரும். திரைத் துறையினர் பேச்சில் 'டிராகன் முத்திரை'. 2019 பெர்லின் விழாவுக்குத் தேர்வான டெரெக் சாங்கின் 'நல்ல நாட்கள்', பள்ளி வன்முறைக்கு நடுவே முளைக்கும் இளம் காதலின் கதை, கடைசி நேரத்தில் பின்வாங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சீனத்தில் வெளியாகி வசூலை வாரிக் குவித்தது. பிறகு ஹாங்காங்கின் சார்பில் ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்கும் போனது. உள்ளூர்ச் சந்தை அவ்வளவு பெருத்துவிட்டது. 2024 இல் சீனத்தில் 90,000க்கு மேல் திரைகள். வெளிநாட்டுக் கைதட்டலை நம்பி வாழ வேண்டிய தேவை இந்தத் தொழிலுக்கு இன்று இல்லை.

இரண்டு வரிகள்

சந்தையும் ஒரு வரி அழைப்பு எழுதக் கற்றுக்கொண்டது. பீ கானின் 'பகலின் நெடும்பயணம் இரவுக்குள்' 2018 கான் விழாவில் காட்டப்பட்ட படம். பழைய காதலியைத் தேடி ஊர் திரும்புகிறவன். பாதிக்குமேல் ஒரு மணி நேரம் வெட்டே இல்லாமல் முப்பரிமாணத்தில் நீளும் கனவு. பொறுமை கேட்கும் படம். இதை 2018 டிசம்பர் 31 அன்று வெளியிட்டார்கள். இரவு 9.50 காட்சிக்குப் போனால் நள்ளிரவில் படம் முடியும், அந்த நொடியில் முத்தமிட்டுப் புத்தாண்டுக்குள் நுழையுங்கள் என்று விளம்பரம். இளம் ஜோடிகள் முன்பதிவில் குவிந்தார்கள். முதல் நாள் வசூல் சுமார் 26 கோடி யுவான். அரங்கில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வந்தது வேறு வீட்டுக் கல்யாணத்துக்கு என்று. இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். மறுநாளே வசூல் பாதாளத்தில்.

சூவின் வரியும் இந்த வரியும் அளவில் ஒன்றுதான். அவர் பார்வையாளருக்குத் தெரிந்த கதையைத் தொட்டுக்காட்டி, தெரியாத கதைக்கு வழி விட்டார். அந்த வாக்குறுதியைப் படம் காப்பாற்றியது. விளம்பரக்காரர்கள் படத்தில் இல்லாத ஒன்றை விற்றார்கள். நல்ல படம் ஒன்று தவறான ஆட்களிடம் தவறான இரவில் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வரி 2022 இல் வருகிறது. லி ருயிஜுனின் 'மண்ணுக்குத் திரும்புதல்' அந்த ஆண்டு பிப்ரவரியில் பெர்லின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. டிராகன் முத்திரை உள்ள படம். கன்சு மாநிலத்துக் கிராமம். அண்ணன் வீட்டில் உழைத்தே தேய்ந்த மா யோதியே, உடல் ஊனமும் அடிபட்ட பயமும் கொண்ட குயியிங். இரண்டு குடும்பமும் தொல்லை விட்டால் போதும் என்று இவர்களைச் சேர்த்துவைக்கின்றன. ஆம், பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். 1954 படத்தில் காதலைக் கொன்ற அதே வழக்கம் இங்கே இரண்டு அநாதைகளை ஒரே கூரையின் கீழ்த் தள்ளுகிறது, அங்கிருந்து காதல் முளைக்கிறது.

அது முளைப்பதைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. அவன் கோதுமை மணிகளை அவள் கையில் அழுத்திப் பூ வடிவத்தில் தடம் பதிக்கிறான். கடனாக வாங்கிய முட்டைகளைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து விளக்கேற்றுகிறார்கள். துளைகள் வழியே வெளிச்சப் புள்ளிகள் அறையெங்கும் சுழல்கின்றன. இரவில் அவன் வரும் வழியில் அவள் வெந்நீர்ப் புட்டியோடு காத்து நிற்கிறாள். மண்ணைக் குழைத்துச் செங்கல் அறுத்து இருவருமே தங்கள் வீட்டைக் கட்டுகிறார்கள். யோதியேயாக நடித்த வூ ரென்லின் தொழில்முறை நடிகரே அல்ல, இயக்குநரின் உறவினர், நிஜ விவசாயி. குயியிங்காக நடித்தவர் புகழ்பெற்ற நடிகை ஹாய் சிங். இந்த வேறுபாடு திரையில் துளியும் தெரியாது.

சீனத்தில் ஜூலை 8 அன்று வெளியானபோது கூட்டம் இல்லை. பார்த்தவர்கள் குறுங்காணொளிகளில் பேசினார்கள், அழுதார்கள், மற்றவர்களை அனுப்பினார்கள். ஆகஸ்ட் இறுதியில் வசூல் ஏறத் தொடங்கி, செப்டம்பரில் 10 கோடி யுவானைத் தாண்டியது. சிறு முதலீட்டில் எடுத்த கிராமத்துப் படத்துக்கு இது அதிசயம். செப்டம்பர் முடிவதற்குள் படம் இணையத் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டது. காரணம் அறிவிக்கப்படவில்லை. கடும் வறுமையை ஒழித்துவிட்டோம் என்று அரசு 2021 பிப்ரவரியில் அறிவித்திருந்தது. 2022 அக்டோபரில் கட்சியின் 20 ஆவது மாநாடு வரவிருந்தது.

உள்நாட்டுப் பதிப்பின் முடிவில் ஒரு வரி ஒட்டப்பட்டிருந்தது. மனைவியை வாய்க்காலில் பறிகொடுத்து, கடனெல்லாம் அடைத்து, கழுதையை அவிழ்த்துவிட்டுப் படுக்கும் யோதியே, அரசும் ஊராரும் உதவப் புது வாழ்வு தொடங்கினான் என்றது அந்த வரி. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் அதை நம்பவிடாது.

அறிமுகம் போய்க் காவல் வந்தது

அன்று படம் போக வேண்டுமென்றால் கனத்த தகரப்பெட்டிகளில் சுருள்கள் கப்பலேறவோ ரயிலேறவோ வேண்டும். இன்று கையடக்க வன்தட்டும், குறித்த நாளுக்கு மட்டும் திறக்கும் மின்னணுச் சாவியும் போதும். வசனவரி ஓடுவதால் கதைச்சுருக்கம் சொல்ல ஆளும் தேவையில்லை. அறிமுகம் என்ற பழைய வேலை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. சீனம் யார் என்று தெரிந்துகொள்ள யாரும் இன்று காதல் படம் பார்க்கப் போவதில்லை.

விழாவுக்கு மிஞ்சியிருப்பது காவல் வேலை. 'கோடை அரண்மனை' சீனத் திரையரங்குகளில் முறையாக வெளியாகவே இல்லை. அதன் பார்வையாளர் வரிசை கானில் தொடங்கியது. ஒட்டுவரி இல்லாத 'மண்ணுக்குத் திரும்புதல்' பெர்லினில் காட்டப்பட்டதால் வெளிநாட்டு வினியோகஸ்தர்களிடம் உயிரோடு இருக்கிறது. விழாவில் ஒரு முறை ஓடிய படத்தை ஓடவே இல்லை என்று ஆக்க முடியாது. பார்த்தவர்கள் வெளியே இருக்கிறார்கள், பிரதியும் வெளியே இருக்கிறது.

அதனால் சீனக் காதல் படம் ஒன்றைத் திரையிடும் விழாக்குழுவுக்கு இன்று கடமை ஒன்று கூடியிருக்கிறது. பூங்கொத்தும் தூதரக அதிகாரியின் வாழ்த்துரையும் இருக்கட்டும். இயக்குநர் முடித்த பதிப்பா, வெட்டிய பதிப்பா, ஒட்டிய பதிப்பா என்பதை நிகழ்ச்சி நிரலில் அச்சிட வேண்டும். அதற்கும் ஒரு வரி போதும்.